எங்கள் வீட்டில் கஞ்சா இருந்தது

எங்கள் வீட்டில் கஞ்சா இருந்தது. பரணில், உப்புப் பானைக்குப் பின்னால், வாய்க்குத் துணி கட்டிய ஒரு சின்ன மண்கலயத்தில் இருந்தது.

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்தேன். செங்கல்பட்டில் ஒரு கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது தோழர் ஒருவரிடம் சொன்னேன். "வேணாம் தோழர். ஏற்கெனவே சேரின்னா சாராயம், கஞ்சான்னுதான் சொல்லிக்கினு கீறானுங்க. நாமளே எடுத்துக் குடுக்கணுமா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சினிமாவில் பொட்டலம் விற்பவனை எந்தத் தெருவிலிருந்து வரவழைக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததா? ஆனால் நாம் வாயை மூடிக்கொண்டால், நம்மைப் பற்றிப் போலீஸ்காரர் எழுதும் முதல் தகவல் அறிக்கை மட்டும்தான் எழுத்தாக மிஞ்சும். அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கலயத்தில் இருந்ததைச் சாப்பிட்டுத்தான் எங்கள் அம்மா கடைசி மாதங்களில் தூங்கியது. அதே செடியைப் புகைத்துத்தான் என் தம்பிக்குப் புத்தி கலங்கியது. இரண்டுக்கும் நான் கண்ணால் கண்ட சாட்சி. மருந்து என்று சொல்கிறவர்கள் தம்பியைப் பற்றிக் கேட்க மாட்டேன் என்கிறார்கள். விஷம் என்று சொல்கிறவர்கள் அம்மாவைப் பற்றிக் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஊர் என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். ஊர் வேறு, சேரி வேறு. நடுவில் ஏரிக்கரை. நைனாவைப் பெற்ற தாத்தா வைத்தியர். எலும்பு முறிவு, விஷக்கடி, மாந்தம், கழிச்சல் எல்லாம் பார்ப்பாராம். நான் அவரைப் பார்த்ததில்லை. அவருக்குப் பிறகு ஆயா பார்த்தது. ஆயாவுக்குப் பிரசவம் பார்க்கவும் தெரியும். ஊர்த்தெருவில் எத்தனையோ பிள்ளைகள் ஆயாவின் கையில்தான் விழுந்தன. கொடியறுக்கும் வரைக்கும் ஆயா உள்ளே இருக்கலாம். அறுத்துவிட்டு வெளியே வந்ததும் வீட்டைக் கழுவி விடுவார்கள்.

கலயத்தில் இருந்தது லேகியம். திருக்கழுக்குன்றம் மலையடிவாரத்துக்கு வந்துபோகும் பண்டாரம் ஒருவர் சரக்கைக் கொடுத்துவிட்டுப் போவார். ஆயா அதைப் பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, பச்சைச் சாறு போய்த் தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலசும். நிழலில் காயவைத்து, நெய்யில் இளஞ்சூட்டில் வறுத்து, சுக்கு, மிளகு, திப்பிலி, கசகசா போட்டு, பனைவெல்லப் பாகில் கிண்டும். அந்த வாசனை வந்தால் எங்களைத் தெருவுக்குத் துரத்திவிடும்.

கொடுப்பதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தது. "சுண்டைக்கா அளவுதான். ராத்திரி சோத்துக்கு அப்புறந்தான். புள்ளத்தாச்சிக்கு வேணாம், பாலு குடுக்கறவளுக்கு வேணாம், மீசை மொளைக்காதவனுக்கு வேணாம். புத்தி பெரண்ட வூட்டுக்கு வேணவே வேணாம்."

கடைசியாகச் சொன்னதற்கு எங்கள் வீட்டிலேயே காரணம் இருந்தது. ஆயா பெற்ற மகள், எங்கள் அத்தை, இருபது வயதில் தனக்குத்தானே பேச ஆரம்பித்து, சாமி வந்திருக்கிறது என்று கோயில் கோயிலாக அழைத்துப் போய், கடைசியில் ஒருநாள் பஸ் ஏறிப் போனவள் திரும்பி வரவில்லை. அவளைப் பற்றி ஆயா பேசாது. இந்த ஒரு வரியில் மட்டும் பேசும்.

ஊர்த்தெரு ஆட்களும் இருட்டியபிறகு வருவார்கள். மூட்டுவலி, தூக்கம் வரவில்லை, பசி எடுக்கவில்லை என்பார்கள். ஏரிக்கரை வேலமரத்தடியில் நின்றுகொண்டு, ஆயாவைவிட வயதில் சின்னவர்கள் ஆயாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆயா வாழைச்சருகில் மடித்து எடுத்துப்போய்க் கல்மேல் வைத்துவிட்டு நகர வேண்டும். அப்புறம் வந்து எடுத்துக்கொள்வார்கள். எங்கள் கையிலிருந்து வாங்கினால் தீட்டு. வாயில் போட்டுக்கொண்டால் மருந்து.

நைனா லேகியம் சாப்பிடவில்லை. புகைத்தார். அவருக்கு மாமல்லபுரத்தில் கல் வேலை. 1957இல் அரசு அங்கே சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கிய பிறகு சாலையோரம் பூராவும் சிற்பக்கூடங்கள் வந்தன. சிலைக்குக் கண் திறக்கிறவர் வேறு ஆள். கல்லைப் பிளந்து, சுமந்து, தேய்த்து, பாலீஷ் போடுகிறவர் நைனா. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். எழுபதுகளிலிருந்தே அந்தக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர்கள் வந்து குடிசை போட்ட லாட்ஜுகளில் மாதக்கணக்கில் தங்குவார்கள். சிலும்பி சுற்றிச்சுற்றி வரும். போலீஸ்காரர்கள் பார்த்தும் பார்க்காமல் போவார்கள். நைனாவுக்கும் அங்கேதான் பழக்கம். பீடியைப் பிரித்து, தூளோடு கலந்து, திரும்பச் சுற்றிக்கொள்வார். "இது இல்லன்னா காலைல முதுவு எழுந்திரிக்காதுடா" என்பார். அது பொய்யில்லை. அந்த வேலையை அந்தக் கூலிக்கு இருபது வருஷம் செய்ய அவருக்கு ஏதோ ஒன்று தேவைப்பட்டது.

1995இல் இருமினால் ரத்தம் வந்தது. தாம்பரம் சானடோரியத்தில் சேர்த்தோம். கல்தூசி படிந்த நுரையீரலில் டி.பி. சுலபமாக வரும் என்று அங்கே ஒரு டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். "என்னென்ன பிடிப்பீங்க?" என்று நைனாவைக் கேட்டார். "பீடி மட்டுந்தாங்க." நான் பக்கத்தில்தான் நின்றேன். நானும் வாய் திறக்கவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டால் அந்தக் காகிதம் எங்கே போகும், யார் கையில் கிடைக்கும் என்ற பயம். நம் ஜனத்துக்குக் காகிதம் என்றாலே கேஸ்தான். 1996இல் நைனா செத்துப்போனார். கல்தூசியையும் டி.பி.யையும் விட்டுவிட்டுக் கஞ்சாதான் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் புகையிலும் தார் இருக்கிறது, தொடர்ந்து இழுத்தால் நாள்பட்ட இருமலும் மார்ச்சளியும் வரும் என்பது இன்றைக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம். முதுகுக்கு இதமாக இருந்தது நெஞ்சுக்குக் கெடுதலாக இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் புகையையாவது நிறுத்தச் சொல்லியிருப்பார் அந்த டாக்டர்.

2003இல் அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்றார்கள். நம் பெண்கள் எப்போதும்போல எல்லாம் முற்றியபிறகுதான் போனோம். கரண்ட் வைத்தார்கள். அடுத்த வருஷம் இடுப்பு எலும்புக்கு இறங்கிவிட்டது. வலி என்றால், நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் அந்தச் சத்தத்தை. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு கத்தும். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. "மார்ஃபின் மாத்திரை இருந்தா நல்லா கேக்கும். ஆனா இங்க இல்லையே" என்றார் டாக்டர். அவர் மேல் தப்பில்லை. சட்டம் அப்படி.

அந்தச் சட்டத்தைப் பிறகு நான் தேடிப் படித்தேன். 1985இல் வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டம். அபினியிலிருந்து எடுக்கிற மார்ஃபின் வாங்க, வைக்க, கொண்டுபோக என்று தனித்தனி லைசென்ஸ் கேட்டது. கொஞ்சம் கணக்குப் பிசகினாலும் ஜெயில் என்றால் எந்த ஆஸ்பத்திரி வாங்கி வைக்கும்? பன்னிரண்டு வருஷத்தில் இந்தியாவில் மருத்துவத்துக்கான மார்ஃபின் உபயோகம் 90 விழுக்காட்டுக்கு மேல் சரிந்துபோனது. உலகத்துக்கே அபினி விளைவித்துக் கொடுக்கிற நாட்டில் நம் ஜனங்கள் வலியில் கத்திச் செத்தார்கள். கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்காகப் போராடி, 2014இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அம்மா செத்துப் பத்து வருஷம் கழித்து.

ஆயா என்னைக் கேட்டது: "குடுக்கட்டுமாடா?" நான் வேண்டாம் என்றேன். நான் செங்கல்பட்டில் காலேஜ் படித்தவன். பாபாசாகேப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து படித்தவன். 1956இல் நாகபுரியில் அவர் கொடுத்த 22 உறுதிமொழிகளில் போதைப் பொருளைத் தொட மாட்டேன் என்பதும் ஒன்று. நம் தெருவைச் சாராயம் அரித்ததைக் கண்ணால் பார்த்தவன். மூன்று ராத்திரி அம்மாவின் சத்தத்தைக் கேட்டேன். நாலாவது ராத்திரி நானே பரணில் ஏறிக் கலயத்தை எடுத்து ஆயா கையில் கொடுத்தேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். வலி போய்விடவில்லை. "வலி அங்கதான் கீதுடா. ஆனா தூரமா கீது" என்று அம்மா சொன்னது. வாந்தி குறைந்தது. பல நாளைக்குப் பிறகு இரண்டு வாய் கஞ்சி கேட்டது. விடியும்வரை தூங்கியது. புற்றுநோய் தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் தப்பும் நடந்தது. சாப்பிட்டு ஒருமணி நேரம் ஆகியும் கேட்கவில்லை என்று ஆயா இன்னொரு உருண்டை கொடுத்துவிட்டது. நடுராத்திரியில் அம்மா எழுந்து உட்கார்ந்து, "செவுரு நவுந்து வருதுடா, என்னைப் புடிடா" என்று என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. விடியும்வரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுனாமி வந்த 2004 டிசம்பருக்கு முந்தின மாதம், தூக்கத்திலேயே அம்மா அடங்கியது.

அந்த ராத்திரி ஏன் அப்படி ஆனது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கஞ்சாவில் ஆளை மயக்கும் சத்துக்கு டி.எச்.சி. என்று பெயர். 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் கவோனியும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். சூடு பட்டால்தான் வீரியம் வரும். ஆயா அலசியபோது போகாமல் நெய்யில் இறங்கியது அதுதான். புகைத்தால் சில நிமிஷத்தில் தலைக்கு ஏறும். தின்றால் ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும், ஈரலுக்குப் போய் இன்னும் வீரியமான பொருளாக மாறும், இறங்கவும் வெகுநேரம் ஆகும். கேட்கவில்லை என்று இன்னொரு உருண்டை போட்டுக்கொள்வதுதான் இதில் எல்லோரும் செய்கிற தப்பு. நம் உடம்பே இதைப் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது என்பதை 1992இல் கண்டுபிடித்து, 'ஆனந்தம்' என்ற சொல்லை வைத்து ஆனந்தமைட் என்று பெயரிட்டார்கள்.

மருத்துவ உலகம் இதுவரை ஒப்புக்கொண்டிருப்பது சில விஷயங்களைத்தான். புற்றுநோய் மருந்து ஏற்றும்போது வரும் வாந்திக்கு டி.எச்.சி. மாத்திரையை அமெரிக்காவில் 1985இலேயே அனுமதித்தார்கள். கவனியுங்கள், இங்கே சட்டம் வந்த அதே வருஷம். நரம்புத்தளர்ச்சி நோய் ஒன்றில் தசை இறுகிப்போவதற்கு வாயில் பீய்ச்சும் மருந்து 2010இல் இங்கிலாந்தில் வந்தது. மயக்கம் தராத இன்னொரு சத்தான சி.பி.டி.யிலிருந்து, குழந்தைகளுக்கு வரும் சில கொடிய வலிப்பு நோய்களுக்கான மருந்து 2018இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. நாள்பட்ட வலிக்குக் கேட்கிறது என்று 2017இல் அமெரிக்க அறிவியல் கழகங்களின் அறிக்கை சொன்னது. ஆனால் 2021இல் உலக அளவிலான வலி ஆய்வுச் சங்கம், பொதுவாக எல்லோருக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதாது என்றது. அம்மா சொன்ன 'தூரமா கீது' என்பதற்கும் இந்த இரண்டு அறிக்கைக்கும் நடுவில்தான் உண்மை எங்கேயோ இருக்கிறது. புற்றுநோயையே கரைக்கும் எண்ணெய் என்று விற்கிறார்களே, அதை நம்பி மருத்துவத்தை விட்டுவிடாதீர்கள். மனிதர்களிடம் அப்படி நிரூபணம் ஆகவில்லை.

இனித் தம்பியைப் பற்றி.

அம்மா செத்தபோது அவனுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடம் போவதை நிறுத்திக்கொண்டான். சுனாமிக்குப் பிறகு மாமல்லபுரம் பக்கம் கட்டட வேலை, லாட்ஜ் வேலை என்று ஓடினான். அங்கே பிடித்தது. நைனா மாதிரி ராத்திரிக்கு ஒன்று இல்லை. காலையில் எழுந்ததும் ஒன்று, அப்புறம் நாள் பூராவும். நான் வேலை தேடிச் சென்னையில் அலைந்துகொண்டிருந்தேன். ஆயா சொல்லும், "மீசை மொளைக்கறதுக்கு முன்ன வேணாம்டா, நம்ம வூட்டு ரத்தத்துக்கு ஆவாதுடா." அவன் சிரிப்பான். "நீ அம்மாவுக்குக் குடுத்தியே?" என்பான். ஆயாவுக்குப் பதில் தெரியும், சொல்லத் தெரியாது.

2008இல், பத்தொன்பது வயதில், அவனுக்குக் குரல் கேட்க ஆரம்பித்தது. லாட்ஜ் முதலாளி கல்லுக்குள்ளிருந்து பேசுகிறார் என்றான். சோற்றில் விஷம் என்றான். ஆயா அவனைப் பார்த்துவிட்டு, "எம் பொண்ணு மாதிரியே பேசறான்டா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டது. கோயிலுக்கும் தர்காவுக்கும் அலைந்தபிறகு மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். இந்த முறை டாக்டரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அத்தையையும் சொன்னேன், கஞ்சாவையும் சொன்னேன். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: புகைக்கிற எல்லோருக்கும் இப்படி வருவதில்லை. குடும்பத்தில் மனநோய் இருந்தால், சின்ன வயதில் ஆரம்பித்தால், அளவும் வீரியமும் கூடினால் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். மூளை இருபத்தைந்து வயது வரைக்கும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பிறகு நான் படித்ததும் இதையேதான் சொல்கிறது. புகைக்கிறவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் விடமுடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள் என்றால், பதின்வயதில் தொடங்கியவர்களில் அது ஆறில் ஒருவர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கர்ப்பிணி புகைத்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கும். போதையில் வண்டி ஓட்டினால் விபத்து கூடும். எழுத்துத் தெரியாத ஆயா வைத்திருந்த சட்டத்தில் இதில் பாதி இருந்தது.

மாத்திரை சாப்பிட்டான், தெளிந்தான். திரும்பப் புகைத்தான், திரும்பக் குரல் கேட்டது. இப்படி இரண்டு முறை. மூன்றாவது முறை போலீஸ் பிடித்துக்கொண்டது.

2009. அவன் சட்டைப்பையில் இருந்தது இரண்டு பொட்டலம். இரண்டையும் சேர்த்தால் ஒரு கைப்பிடி இருக்காது. எஃப்.ஐ.ஆரில் மஞ்சள் பையில் 1 கிலோ 100 கிராம் என்று இருந்தது. எந்த ஸ்டேஷன் என்று நான் எழுதவில்லை. இதைப் படிக்கிற தோழர்களில் பலருக்கு அவரவர் ஊர் ஸ்டேஷன் ஞாபகம் வரும். அந்த 100 கிராம் எதற்கு? 2001இல் சட்டத்தைத் திருத்தியபிறகு, கஞ்சாவில் ஒரு கிலோ வரை 'சிறிய அளவு'. அப்போது அதற்குத் தண்டனை அதிகபட்சம் ஆறு மாதம். ஒரு கிலோவைத் தாண்டினால் பத்து வருஷம் வரைக்கும். 20 கிலோவுக்கு மேல் என்றால் பத்து முதல் இருபது வருஷம். அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர், தானே முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் சிறிய அளவுக்கு மட்டும்தான். அந்த 100 கிராமில் தம்பிக்கு ஆஸ்பத்திரிக் கதவு மூடி ஜெயில் கதவு திறந்தது. "ஏதாவது பேசுனா குண்டாஸ்ல போட்டுடுவோம்" என்றும் சொன்னார்கள். 1982இல் வந்த அந்தச் சட்டத்தின் தலைப்பிலேயே போதைப் பொருள் குற்றவாளி உண்டு. ஒரு வருஷம் வரை விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கலாம். ஏழு மாதம் உள்ளே இருந்தான். முதல் சில வாரம் மாத்திரை போய்ச் சேரவே இல்லை. மாதிரி எடுத்ததும் சீல் வைத்ததும் சரியில்லை என்று 2015இல் விடுதலை ஆனான். அந்த ஆறு வருஷத்தில் மருந்துக்கு அலைந்ததைவிட வாய்தாவுக்கு அலைந்ததுதான் அதிகம்.

இப்படி எழுதுவது புதுசு இல்லை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1893-94இல் வெள்ளைக்கார அரசு, கஞ்சாவைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டது. தலைவர் மாக்வொர்த் யங். 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். கஞ்சாவால் பைத்தியம் பிடிக்கிறது என்று அன்றைக்கும் பேச்சு. பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் 1892ஆம் வருஷத்துக்கு 222 பேருக்குக் காரணம் கஞ்சா என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றாக விசாரித்தபோது பாதிக்கு மேல் நிற்கவில்லை. காரணம் என்ற கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக, போலீஸ் சொன்னதை வைத்து எழுதி நிரப்பியிருக்கிறார்கள். அளவாக உபயோகிப்பவர்களுக்குப் பெரிய கேடில்லை, மிதமிஞ்சினால் கேடு, ஏற்கெனவே பலவீனம் உள்ளவர்களுக்கு மனநோயையும் கொண்டுவரும் என்று முடித்தார்கள். முழுத்தடை வேண்டாம் என்றார்கள். வரி வருமானமும் அவர்களுக்கு முக்கியம்தான், மறக்க வேண்டாம். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1891இல், இதே செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் ட்ரெமென்ஹீர் நம் முன்னோர்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். அதிலிருந்துதான் 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. ஒழுங்காகப் போய்ப் பார்த்து எழுதினால் நிலம் வரும். பார்க்காமல் கட்டத்தை நிரப்பினால் 1 கிலோ 100 கிராம் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனிதான். நுனி சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகாது. அதனால் வடக்கே இலையை அரைத்த பாங்கு, காசியில் அரசு அனுமதி பெற்ற கடையிலேயே கிடைக்கிறது. ஹோலிக்கு, சிவராத்திரிக்குப் பிரசாதமாகக் குடிக்கிறார்கள். அதில் இருப்பதும் அதே டி.எச்.சி.தான், அளவு குறைவு, அவ்வளவுதான். பண்டிகை கொண்டாடுகிறவனுக்குச் சட்டத்தில் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். கல் சுமக்கிறவனுக்கு விடவில்லை. 2020 டிசம்பரில் ஐ.நா.வில், ஹெராயினோடு சேர்த்து வைத்திருந்த மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தபோது 27க்கு 25 என்று ஓட்டு விழுந்தது. எடுக்க வேண்டும் என்ற பக்கம் இந்தியா ஓட்டுப் போட்டது. ஜம்முவில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் அனுமதியோடு பயிரிட்டு மருந்து ஆராய்கிறது. நல்லதுதான். நாளைக்கு அது புட்டியில் அடைத்து மருந்துக்கடைக்கு வரும்போது, அந்தச் செடிக்காக உள்ளே போனவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

சில வருஷத்துக்கு முன்னால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குச் சித்தியை மூட்டுவலிக்கு அழைத்துப்போனேன். நைனா படுத்திருந்த அதே பகுதி. ஆஸ்பத்திரிக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர் வைத்திருக்கிறார்கள். பண்டிதர் சித்த வைத்தியர் என்பது பலருக்கும் மறந்துபோன விஷயம். அங்கே ஒரு மாணவ டாக்டரிடம் ஆயா செய்த லேகியத்தைச் சொன்னேன். "அலசி, காயவெச்சு, நெய்ல வறுக்கிறது சுத்திங்க. நூல்ல இருக்கு. சுத்தி பண்ணாம குடுக்கக்கூடாது" என்றார். மருந்துச் சட்ட விதிகளில் நச்சுத்தன்மையுள்ள சித்த மருந்துச் சரக்குகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் எட்டி, ஊமத்தை, அபினியோடு கஞ்சாவும் உண்டு. அதாவது, வைத்தியர் மேற்பார்வையில் மருந்து. ஆயா செய்ததற்கு ஒரு பெயரும் ஒரு முறையும் இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் கேட்பதற்கு ஆயா இல்லை. தம்பியைப் பிடித்துப்போன ராத்திரி, "போலீசு வூட்டுக்கு வரும்" என்று ஆயா பரணிலிருந்து கலயத்தை இறக்கச் சொன்னது. தானே ஏரிக்குத் தூக்கிப்போய், கல்லில் உடைத்துத் தண்ணீரில் விட்டது. எண்பது வயதுக் கிழவி, திருடி மாதிரி இருட்டில் நடந்து போனது. அடுத்த வருஷம் செத்துப்போனது. எதை எவ்வளவு போடுவது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

நான் கஞ்சாவுக்குக் கொடி பிடிக்கவில்லை. நம் பிள்ளைகள் அதைத் தொட வேண்டாம் என்றுதான் தெருவில் பேசுகிறேன், தம்பியைக் காட்டியே பேசுகிறேன். பாபாசாகேப் தடுத்தது போதையை. வலிக்கு மருந்து எடுப்பதை அவர் தடுத்ததாக நான் நினைக்கவில்லை. நாம் கேட்க வேண்டியவை எளிமையானவை. மார்ஃபின் ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலும் இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவன் 'நான் புகைக்கிறேன்' என்று சொன்னால் அது டாக்டரோடு நிற்க வேண்டும். பிடிபட்ட பையனுக்கு முதலில் மனநல டாக்டர் வர வேண்டும். ஜெயிலுக்குள்ளும் மாத்திரை போக வேண்டும். ஆராய்ச்சி செய்கிறவர்கள் நம் கிழவிகளிடமும் வந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், அவர்கள் பெயரோடு. மிச்சம் இருக்கிறவர்கள் சாவதற்கு முன்னால்.

தம்பிக்கு இப்போது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. மாத்திரையால் உடம்பு பெருத்து, கை லேசாக நடுங்கும். மாதம் ஒருமுறை செங்கல்பட்டுக்கு மாத்திரை வாங்க பஸ்ஸில் போவோம். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் கேட்பான்.

"அண்ணா, அம்மாவுக்கு நல்லதா இருந்துச்சே, எனக்கு மட்டும் ஏன்னா கெடுதல்?"

"அம்மாவுக்கு நல்லதாத்தான் இருந்துச்சு. உனக்குக் கெடுதல்தான்டா. ரெண்டும் நெசம்."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வருவான். திருக்கழுக்குன்றம் தாண்டியதும், "ஆயா சொல்லிச்சி இல்ல?" என்பான்.

சொல்லிச்சி.